மீனுக்கு 23 தேநீர்

சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை அந்தக் கதவு திறந்திருந்தது. நான்கரை ஆண்டுகளாக அதில் சங்கிலியும் பூட்டும் மட்டுமே பார்த்து வந்த எனக்கு, கால் தானாக நின்றுவிட்டது. உள்ளே யாரோ சுவரைச் சுரண்டிக்கொண்டிருந்தார்கள். கடைக்கு முன்னால் ஓடும் ஐந்தடி நடைபாதைவரை சுண்ணாம்புத் தூள் பறந்து வந்தது.

சிங்கப்பூரில் ஜாலான் புசாருக்கும் சிராங்கூன் சாலைக்கும் நடுவே ஓடும் குறுக்குத் தெருக்களில் ஒன்றில், மூலையிலிருந்து மூன்றாவது கடைவீடு அது; கீழே கடை, மேலே வீடு. எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் 'கடை'. மற்ற கடைகளுக்கெல்லாம் ஓர் அடைமொழி இருக்கும்: மளிகைக் கடை, துணிக்கடை, நகைக்கடை. அப்பா வேலை பார்த்த சாப்பாட்டுக்கடை மட்டும் வெறும் கடை. "கடையில் சொல்லிவிட்டு வா" என்று அம்மா அனுப்பினால் எந்தக் கடை என்று நாங்கள் கேட்டதே இல்லை.

அப்பா 1951இல், தம் 14ஆம் வயதில், தாய்மாமனின் கையைப் பிடித்துக்கொண்டு நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி வந்தவர். 1953இல் குடிநுழைவுச் சட்டம் இறுகியது. இரண்டு ஆண்டு தாமதித்திருந்தால் அந்த வாய்ப்பு அவருக்குக் கிடைத்திருக்காது. கடையில் முதலில் இலை எடுத்தார். பிறகு மேசை துடைத்தார். பிறகு தண்ணீர் கலக்கினார். இங்கே சாப்பாட்டுக்கடையில் தேநீர், காப்பி, மைலோ போடுகிறவரைத் தண்ணீர் கலக்குபவர் என்றுதான் சொல்வோம். ஊரிலிருந்து புதிதாக வருகிறவர்கள் இதைக் கேட்டு விழிப்பார்கள். 1998இல் முழங்கால் ஒத்துழைக்க மறுக்கும்வரை அப்பா அதே பாய்லருக்குப் பின்னால்தான் நின்றார். 2012இல் காலமானார்.

கதவருகே நின்ற என்னைப் பார்த்ததும், சுரண்டிக்கொண்டிருந்த இளைஞர் முகக்கவசத்தை இறக்கினார். "அக்கா, உள்ளே வரக்கூடாது. தலைக்கவசம் வேண்டும்" என்றார். சிவகங்கைப் பக்கத்துப் பேச்சு. என் அப்பா இங்கே 47 ஆண்டு வேலை பார்த்தவர் என்றேன். அவர் ஒரு கணம் யோசித்துவிட்டு, மேற்பார்வையாளரைக் கேட்டு வருகிறேன் என்று மாடிப்படி ஏறினார். இறங்கி வரும்போது கையில் மஞ்சள் தலைக்கவசம் ஒன்று இருந்தது.

உள்ளே எதுவும் இல்லை. பளிங்குக்கல் மேசைகள், கறுத்த தேக்கு நாற்காலிகள், முருகன் படம், தமிழ் முரசு நாளிதழ் தொங்கும் கம்பி, கைகழுவும் தொட்டி எல்லாம் எங்கோ போய்விட்டன. தரையில் மட்டும் பாய்லர் நின்ற இடம் வட்டமாக வெளுத்துக் கிடந்தது. அதைச் சுற்றித் தரை தேய்ந்து குழிந்திருந்தது. அப்பா ஒரு காலை ஊன்றி, மறு காலைப் பின்னுக்கு இழுத்து, குவளைக்குக் குவளை தேநீரை இழுத்து ஆற்றும் நிலை எனக்குத் தெரியும். அந்தக் குழியில் என் செருப்பை வைத்துப் பார்த்தேன். சரியாகப் பொருந்தியது.

"அக்கா, நீங்கள் இங்கே இருந்தவர்கள் என்றால் ஒன்று கேட்க வேண்டும்" என்றார் அந்தத் தம்பி. "இந்தச் சுவரில் பச்சை, நீலம், வெள்ளை என்று ஏழெட்டு அடுக்கு இருந்தது. எல்லாவற்றையும் எடுத்தால் அடியில் இது இருக்கிறது. சின்னப் பிள்ளை ஏதாவது கிறுக்கியதா?"

பாய்லருக்குப் பக்கத்துச் சுவரில், ஆள் மார்பளவு உயரத்தில், ஆணியால் கீறிய சிறு சிறு படங்கள். ஒரு குடை. ஒரு சாவி. சக்கரம். ஏணி. என் கை சுவரைத் தொட்டுக்கொண்டு நின்றுவிட்டது. தம்பி எனக்குத் தண்ணீர் புட்டியை நீட்டினார்.

கிறுக்கல் இல்லை, தம்பி, கணக்கு என்றேன்.

அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கடையில் பாதிப் பேர் பற்று வைத்துச் சாப்பிடுகிறவர்கள். சம்பளம் வந்ததும் மொத்தமாகக் கொடுப்பார்கள். சோற்றுக் கணக்கை முதலாளி கல்லாவில் எழுதிக்கொள்வார். தேநீர்க் கணக்கு அப்பாவின் பொறுப்பு. ஆளுக்கொரு அடையாளத்தை ஆணியால் சுவரில் கீறி வைத்திருந்தார். ஒரு தேநீருக்கு அடுப்புக்கரியால் ஒரு கோடு. கடன் என்றால் படத்துக்குக் கீழே. யாராவது கையில் காசு இருக்கும்போதே முன்பணம் கொடுத்துவிட்டால், அந்தத் தேநீர்கள் படத்துக்கு மேலே கோடுகளாக நிற்கும். குடிக்கக் குடிக்க ஈரத்துணியால் ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டே வருவார்.

எனக்குப் பத்து வயதானபோது, 1978இல், ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் இந்தக் கணக்கை நோட்டில் ஏற்றும் வேலை எனக்கு வந்தது. மைலோப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்வேன். அப்பா தேநீர் ஆற்றிக்கொண்டே படத்தைச் சொல்வார். நான் எண்ணி எழுதுவேன். பின்னாளில் கணக்காளராக வேலைக்குச் சேர்ந்து இன்றுவரை அதையே செய்துவருகிறேன். வரவு எது, செலவு எது என்பதை எனக்கு முதலில் சொல்லிக்கொடுத்தது இந்தச் சுவர்தான்.

தம்பிக்கு ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினேன். குடை என்பது ஐந்தடியில் உட்கார்ந்து குடை பழுதுபார்த்தவர். சாவி, அவருக்குப் பக்கத்தில் சாவி வெட்டியவர். சக்கரம் ஒரு சீனப் பெரியவர், டிரைஷா என்னும் மூன்று சக்கர மிதிவண்டி ஓட்டியவர். "தே ஓ கோசோங்" (பாலும் சீனியும் இல்லாத தேநீர்) என்ற மூன்று சொல்லைத் தவிர அவரும் அப்பாவும் இருபது ஆண்டுகளில் வேறு பேசியதில்லை. ஆனால் அவர் இரண்டு நாள் வராவிட்டால் அப்பா கடை வாசலுக்கும் பாய்லருக்குமாக நடந்துகொண்டிருப்பார். ஏணி, தெருவிளக்கு வேலை செய்தவர். துடைப்பம், நகரத் துப்புரவு வேலை. மாட்டுக்கொம்பு, முன்பு வீடு வீடாகப் பால் ஊற்றியவர். கிளி, சிராங்கூன் சாலையில் கிளி சோதிடம் பார்த்தவர். செருப்பு என்றால் உங்களுக்கே தெரியும். கடிகாரம், சுங்கை ரோடு திருட்டுச் சந்தையில் பழைய கைக்கடிகாரங்களைத் துணியில் பரப்பி விற்றவர். அந்தச் சந்தையையே 2017 ஜூலை 10ஆம் தேதி மூடிவிட்டார்கள். மூக்குக்கண்ணாடி, தினமும் காலையில் தமிழ் முரசைக் கடை முழுக்கக் கேட்கும்படி உரக்கப் படித்தவர். அவருக்குப் பாதித் தேநீர்தான் கணக்கு. படிப்புக்கு மீதிப் பாதி.

இவ்வளவையும் நான் சொல்லி முடிக்கும்வரை அவர் சுரண்டுகருவியைக் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றார்.

கடை எப்படி மூடியது என்று கேட்டார். இதைச் சற்று விளக்கமாகவே சொல்ல வேண்டும். வயதான கடை, ஓடவில்லை, மூடிவிட்டார்கள் என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். கடை ஓடிக்கொண்டுதான் இருந்தது.

போருக்குப் பின் வீடில்லாத் திண்டாட்டத்தில், 1947இல் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. பழைய கட்டடங்களின் வாடகையை உரிமையாளர் நினைத்தபடி ஏற்ற முடியாது. முதலாளியின் தகப்பனார் அந்த இடத்தைப் பிடித்தபோது முன்னால் இருந்தவருக்கு ஒரு தொகை கொடுத்தாராம். அதற்குத் தேநீர்ப் பணம் என்றே பெயர். மாத வாடகை கொஞ்சம், உள்ளே நுழையத்தான் பெரும் பணம். அந்தச் சட்டத்தால் கட்டடங்கள் பழுதாகிக் கிடந்தன என்பதும் உண்மை. சொற்ப வாடகை வாங்குகிற உரிமையாளர் எதற்காகக் கூரை மாற்றுவார்? மழைக்காலத்தில் நடுமுற்றத்தில் நான்கு வாளி வைத்திருப்போம். ஆனால் ஒரு தேநீரை மலிவாகக் கொடுக்கவும், மாதக் கடைசிவரை காத்திருக்கவும் ஒரு கடைக்கு முடிந்ததற்கு அந்த வாடகைதான் காரணம். 2001 ஏப்ரலில் அந்தச் சட்டம் நீங்கியது. பிறகு வாடகை ஏறியபோதெல்லாம் கடையில் பற்று குறைந்தது. முதலாளியின் மகன் நல்லவர். ஆனாலும் ரொக்கம் மட்டும் என்று பலகை எழுதி வைக்க வேண்டிய நிலைக்கு வந்துவிட்டார்.

அப்புறமும் கடையைத் தாங்கியது ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். வெளிநாட்டு ஊழியர் தங்குவிடுதிகளிலிருந்து, லிட்டில் இந்தியாவின் சந்தைப் பகுதியான தேக்காவுக்கு வரும் நம் ஊர் ஊழியர்கள், இலையில் சூடான சோறு சாப்பிட்டுவிட்டு ஊருக்குப் பேசிவிட்டுப் போவார்கள். 2020 ஏப்ரலில் கொவிட் முடக்கநிலை வந்தது. ஜூன் 19ஆம் தேதி கடையில் உட்கார்ந்து சாப்பிட மீண்டும் அனுமதித்தார்கள். விடுதித் தம்பிகள் மட்டும் வெளியே வர முடியவில்லை. அவர்கள்மீதான கட்டுப்பாடு இன்னும் நீண்டுகொண்டே போனது. ஞாயிறுகள் வெறிச்சோடின. செப்டம்பரில் முதலாளியின் மகன் கதவை இழுத்துப் பூட்டினார். கடைசி நாள் நான் போயிருந்தேன். தேநீர் போட்ட ஆள் கைநடுக்கத்தில் சீனி கூடுதலாகப் போட்டுவிட்டார். அதை முழுவதும் குடித்தேன்.

அதே ஆண்டு டிசம்பரில் சிங்கப்பூரின் உணவங்காடிக் கலாசாரத்தை யுனெஸ்கோ தன் கலாசார மரபுப் பட்டியலில் சேர்த்தது. அந்தச் செய்தியைப் படித்து நான் மகிழ்ந்தேன், உண்மையாகவே மகிழ்ந்தேன். 1982இல் தேக்காவில் புது அங்காடி திறந்தபோது, தெருவோரத்தில் விற்றுக்கொண்டிருந்த எத்தனையோ பேருக்குக் கூரை கிடைத்தது. எங்கள் கடை அங்காடியிலும் சேராது, தெருக்கடையிலும் சேராது. தனியார் கடைவீட்டில் வாடகைக்கு இருந்த சாப்பாட்டுக்கடை. அந்தக் கடைவீட்டுக்குப் பாதுகாப்பு உண்டு. லிட்டில் இந்தியா 1989இலேயே பாதுகாக்கப்பட்ட வட்டாரம் ஆகிவிட்டது. சுவர், கூரை, சாளரம், முகப்பு எதையும் இடிக்க முடியாது. மேற்பார்வையாளராக இருந்த சீனப் பெண் அதை எனக்குப் பொறுமையாக விளக்கினார். இயன்றவரை தக்கவைப்பது, நுணுக்கமாக மீட்பது, கவனமாகப் பழுதுபார்ப்பது என்று மூன்று விதி. சிமெண்டும் நவீன வண்ணமும் பழைய செங்கல் சுவரின் ஈரத்தை உள்ளேயே அடைத்துவிடுமாம். அதனால் எல்லாவற்றையும் சுரண்டி எடுத்துவிட்டுச் சுண்ணச்சாந்து பூசுகிறார்கள். அந்தக் காலத்து ஆட்கள் இந்த வட்டாரத்தைச் சுண்ணாம்புக் கம்பம், அதாவது சுண்ணாம்புக் கிராமம், என்றுதான் சொல்வார்கள். அதை அவரிடம் சொன்னேன். தம் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

அவருடைய வேலையில் எனக்குக் குறை இல்லை. அவ்வளவு கவனமாக ஒரு கட்டடத்தைத் தொடுகிற ஆட்களை நான் பார்த்ததில்லை. முகப்பில் மூன்று மொழியில் எழுதிய பழைய பெயர்ப்பலகையையும் அப்படியே வைக்கப் போகிறார்கள். உள்ளே வரப்போவது கைவடிக் காப்பி விற்கும் இடம். டிர்விட் சாலையில் இரும்புச் சாமான் கடை இருந்த கட்டடம் இப்படித்தான் மாறியது. அங்கே என் மகளோடு போய்க் குடித்திருக்கிறேன், காப்பி நன்றாகத்தான் இருந்தது. ஆனால் மூன்று விதியில் எதிலும் அடுப்பு வரவில்லை. யார் அங்கே உட்கார்ந்தார்கள், என்ன விலைக்குக் குடித்தார்கள், காசில்லாத நாளில் அவர்களிடம் என்ன சொன்னார்கள் என்பதற்கு விதி எழுத முடியாது என்று எனக்கும் தெரியும். எழுத முடியாது என்பதால் அது இல்லாமல் போகிறது. எனக்கு வலிப்பது அதுதான்.

பேசிக்கொண்டிருக்கும்போதே பன்னிரண்டு மணி ஆகிவிட்டது. தம்பியும் இன்னும் மூவரும் நடுமுற்றத்தில் அட்டையை விரித்து உட்கார்ந்து பொட்டலங்களைப் பிரித்தார்கள். மாதத்துக்கு இவ்வளவு என்று கட்டிவிட்டால், சமையல்காரர் விடியற்காலை விடுதிக்கே மதியச் சோற்றையும் சேர்த்துக் கொண்டுவந்து வைத்துவிடுவார். வேலையிடத்தில் பிரிக்கும்போது ஏழெட்டு மணி நேரம் ஆகியிருக்கும். குழம்புப் பையின் முடிச்சைத் தம்பி அவிழ்த்ததும் எனக்கு வாசனை வந்தது. புளித்திருந்தது. அவர் அதை ஓரமாக வைத்துவிட்டு, வெறுஞ்சோற்றில் ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு சாப்பிட ஆரம்பித்தார். "வெயில் நாளில் இப்படித்தான், அக்கா. பழகிவிட்டது."

அவர் உட்கார்ந்திருந்தது எங்கள் அடுப்பு இருந்த இடத்துக்கு நான்கு அடி தள்ளி. அந்த அடுப்பில் காலை பத்து மணிக்குச் சோறு வடிப்பார்கள். துடைப்பக்காரர்கள் வேலை முடிந்து வரும் நேரத்துக்கு ஒரு தடவை, மூன்று மணிக்குத் தாமதமாக வருகிறவர்களுக்காக இன்னொரு தடவை. ஆறிய சோற்றை ஆளுக்குப் போடக்கூடாது என்பது பழைய முதலாளியின் பிடிவாதம். நான் தேக்கா அங்காடிக்கு ஓடிப்போய் நான்கு பொட்டலம் சாம்பார் சாதமும் தயிரும் வாங்கி வந்தேன். சூடாக இருந்தது. தம்பி முதல் கவளத்தை ஊதிச் சாப்பிட்டார். ஊதுவதற்கு ஏதாவது இருந்ததே என்று எனக்கு நிம்மதியாக இருந்தது.

வியாழக்கிழமை அந்தச் சுவருக்குச் சாந்து பூசுவதாக மேற்பார்வையாளர் சொன்னார். ஒரு சிறு பகுதியைப் பூசாமல் விட முடியுமா என்று கேட்டேன். அது தான் முடிவு செய்கிற விஷயம் இல்லை, கேட்டுச் சொல்கிறேன் என்றார். பதில் வரவில்லை. ஆனால் மறுநாள் காலை ஒரு மணி நேரம் வந்து போக அனுமதித்தார். மெல்லிய தாளும் மெழுகுப் பென்சிலும் எடுத்துக்கொண்டு போனேன். கோவில் கல்வெட்டுகளைப் படியெடுப்பதுபோல் சுவரில் தாளை வைத்து உரசி உரசி எடுத்தேன். தாளைத் தம்பி பிடித்துக்கொண்டார். 11 அடையாளங்கள் கிடைத்தன.

பதினொன்றாவதை முந்தைய நாள் நான் அவருக்குப் படித்துக் காட்டவில்லை. அது ஒரு மீன். வால் விரிந்து, கண்ணுக்கு ஒரு புள்ளி. மற்றப் படங்களைவிடக் கீழே, என் இடுப்பளவில் இருந்தது. அந்த மீனுக்கு 23 கோடுகள் இருந்தன. எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நான் கணக்கெழுத வந்த நாளிலேயே அவை இருந்தன. நோட்டில் ஏற்றட்டுமா என்று கேட்டதற்கு, "அது வேண்டாம் அம்மா, அவர் வருவார்" என்றார் அப்பா. தீபாவளிக்குத் தீபாவளி சுவருக்கு வெள்ளையடிப்பார்கள். கரிக்கோடுகளெல்லாம் மறைந்துவிடும். காய்ந்ததும் அப்பா அடுப்பிலிருந்து ஒரு கரித்துண்டை எடுத்து, மீனுக்கு மட்டும் 23 கோட்டையும் எண்ணிப் போட்டுவிட்டுத்தான் பாய்லரை மூட்டுவார். ஆணிக்குழி நிரம்பியிருந்தால் மீனையும் மறுபடி கீறுவார். அவ்வளவு பெரிய பாக்கியா, யாரோ ஏமாற்றிவிட்டுக் கப்பலேறியிருக்க வேண்டும், அப்பா அதை மறக்க முடியாமல் இருக்கிறார் என்றுதான் நான் இத்தனை ஆண்டும் நினைத்திருந்தேன்.

தாளைப் பிடித்துக்கொண்டிருந்த தம்பி, "இது மட்டும் ஏன் அக்கா இவ்வளவு கீழே இருக்கிறது? எழுதக் குனிய வேண்டுமே" என்றார்.

மீனுக்குக் கீழே இடமே இல்லை. ஒரு சாண் தள்ளிப் பழைய மேடையின் விளிம்பு. மேலே மட்டும்தான் இடம் இருந்தது, நிறைய இடம். அப்போதுதான் அப்பாவின் கை எனக்கு நினைவுக்கு வந்தது. தீபாவளிக் காலையில் கரித்துண்டோடு அந்தக் கை மீனுக்கு மேலேதான் போகும். ஐந்து ஐந்தாக நான்கு வரிசை, அதற்கும் மேலே மூன்று. படத்துக்கு மேலே இருந்தால் முன்பணம். அந்த மனிதர் கடையை ஏமாற்றவில்லை. அவருக்குக் கொடுக்க வேண்டிய 23 தேநீர் கடையில் பாக்கி இருந்தது. 20 ஆண்டுகளுக்கு மேலாக அப்பா அதை அவருக்காகக் காத்துக்கொண்டிருந்தார்.

மீன் யார் என்று நான் கேட்டதே இல்லை. மீன்பிடிப் படகில் போனவரோ, சந்தையில் மீன் வெட்டியவரோ, பெயரிலேயே மீன் இருந்தவரோ. 1978க்கு முன்பு அந்தப் பக்கத்தில் தேநீர் குடித்தவர் என்பது மட்டும் நிச்சயம். தமிழராகத்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை.

இதைப் படிக்கிற யாருடைய அப்பாவோ தாத்தாவோ அந்தக் காலத்தில் ஜாலான் புசார்ப் பக்கம் ஒரு கடையில் தேநீருக்கு முன்பணம் கொடுத்துவிட்டு, ஊருக்கோ கப்பலுக்கோ மருத்துவமனைக்கோ போய்த் திரும்பாமல் இருந்திருந்தால், எனக்குச் சொல்லுங்கள். அப்பாவின் பித்தளைக் குவளைகள் இரண்டும் என்னிடம் இருக்கின்றன. ஆற்றும் விதமும் அவர் சொல்லிக்கொடுத்ததுதான். சீனி எவ்வளவு போடுவார் என்று மட்டும் தெரிந்தால் போதும்.